பள்ளிப் பிள்ளைகளின் பார்வைச் சோதனை: அட்டை மாட்டுவது முதல் கண்ணாடி முகத்தில் நிலைக்கும் வரை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துப் பள்ளிகளில் பார்வைச் சோதனை நடத்த முன்வரும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் எழுதப்பட்ட வழிகாட்டி இது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சோதனை நாளோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஆனால் அந்த நாளில் நமக்குக் கிடைப்பது ஒரு பெயர்ப் பட்டியல் மட்டுமே. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் மருத்துவமனைக்குப் போய், கண்ணாடி பெற்று, அதைத் தொடர்ந்து அணிந்தால்தான் பட்டியலுக்குப் பயன் உண்டு. ஆகவே இங்குள்ள படிகளில் பாதி சோதனைக்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை.

1. முதலில் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள்

பார்வை அட்டை வாங்குவதற்கு முன்பே, குறை கண்டறியப்படும் பிள்ளைகளை எந்த மருத்துவமனை எந்தக் கிழமையில் பார்க்கும் என்பதைப் பேசி முடித்துவிட வேண்டும். இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பள்ளிகளில் பட்டியல் தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அரசுப் பள்ளியாக இருந்தால், தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் மாணவர்களுக்குக் கண்ணாடி இலவசமாக வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 'கண்ணொளி காப்போம்' என்ற பெயரிலும் இப்பணி நடந்திருக்கிறது. இவற்றைத் தவிர, 2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவும் பள்ளிகளுக்கு வருகிறது. ஆகவே முதல் தொலைபேசி அழைப்பு உங்கள் வட்டார அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருக்கட்டும். அவர்கள் வரும் நாள் தெரிந்தால், உங்கள் சோதனையை அதற்கு இரண்டு வாரம் முன்பாக வைத்துக்கொள்ளலாம். அப்போது அவர்கள் பள்ளி முழுவதையும் சோதித்துக்கொண்டிராமல், நீங்கள் பிரித்துக் கொடுத்த பிள்ளைகளைப் பொறுமையாகப் பார்க்க முடியும்.

அனுப்பக்கூடிய இடங்கள் நம் பகுதியில் குறைவில்லை. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலைநகரில் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர், கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓடும் பேருந்துகள் தவளக்குப்பம் வழியாகவே செல்வதால், இரு பக்கத்துப் பெற்றோரும் அங்கு எளிதில் போய்விடுவார்கள்.

எல்லை ஓரப் பள்ளிகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம் தேவை. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் உள்ள பள்ளிகளில் கடலூர் மாவட்டத்துக் கிராமப் பிள்ளைகளும், ரெட்டிச்சாவடி பக்கத்துப் பள்ளிகளில் புதுச்சேரிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கண்ணாடிக்கு இது தடையாக இராது. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் குடும்ப அட்டை எந்த அரசுடையது என்ற கேள்வி வரும். எனவே பதிவேட்டில் வீட்டு முகவரியையும் குடும்ப அட்டை எங்கு உள்ளது என்பதையும் முதலிலேயே குறித்துவிடுங்கள்.

2. ஜூன், ஜூலை, ஆகஸ்டுக்குள் முடியுங்கள்

பள்ளி திறந்து சேர்க்கை ஓய்ந்த பின் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே பிள்ளைகள் கண்ணாடி அணிந்திருப்பார்கள். அக்டோபருக்குத் தள்ளினால் வடகிழக்குப் பருவமழை குறுக்கே நிற்கும். கடலூரில் மழை விடுமுறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேகம் மூடிய நாளில் வகுப்பறை வெளிச்சமும் போதாது. மழைக்காலத்தில் 'மெட்ராஸ் ஐ' பரவினால், கண் சிவந்த பிள்ளைகளைச் சோதிக்காமல் ஒதுக்க வேண்டியும் வரும்.

தேர்வு வாரத்தையும் அதற்கு முந்தைய வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். மருத்துவமனையில் விடும் சொட்டு மருந்தின் காரணமாகப் பிள்ளைக்குச் சில நாள்கள் படிக்கச் சிரமமாக இருக்கலாம் என்பது இதற்குக் காரணம். அதைப் பதினொன்றாவது பகுதியில் விளக்குகிறேன்.

3. பொருள்கள்: அட்டையை அளவுகோலால் சரிபாருங்கள்

தேவையானவை சில பொருள்களே: மூன்று கால் கொண்ட ஆங்கில ஈ (E) எழுத்து நான்கு திசைகளிலும் திரும்பியிருக்கும் பார்வை அட்டை, தையற்கடை டேப் அல்லது கட்டட வேலைக்குரிய அளவு நாடா, கண்ணை மறைக்கும் அட்டை, சிறிய டார்ச், சுண்ணக்கட்டி, பதிவேடு, ஒரு நாற்காலி. ஈ அட்டையைச் சொல்வதற்குக் காரணம், அதற்கு எழுத்தறிவு தேவையில்லை என்பதுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும், வேற்று மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளையும் கை காட்டினால் போதும்.

அட்டையை மருத்துவமனையிலிருந்து வாங்குவதே நல்லது. கைப்பேசியில் வந்த படத்தை அச்சிட்டுப் பயன்படுத்துவதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடையில் அச்சிடும்போது தாளுக்குள் அடங்க வேண்டும் என்று படம் சுருக்கப்படும். பார்க்க வித்தியாசம் தெரியாது. 6 மீட்டர் தூரத்துக்குரிய அட்டையில் 6/9 வரி எழுத்தின் உயரம் சுமார் 13 மில்லிமீட்டர், 6/12 வரி எழுத்து 17.5 மில்லிமீட்டர், மேலே உள்ள மிகப் பெரிய 6/60 எழுத்து 87 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மாணவர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுத்து சிறியதாக இருந்தால் நல்ல கண்ணுள்ள பிள்ளைகள் பட்டியலில் சேர்வார்கள். பெரியதாக இருந்தால் குறையுள்ளவர்கள் தப்பிவிடுவார்கள்.

6/9 என்பதன் பொருளையும் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இயல்பான கண் 9 மீட்டரிலிருந்து காணக்கூடிய எழுத்தை இந்தப் பிள்ளை 6 மீட்டருக்கு வந்தால்தான் காண்கிறது என்பது அதன் பொருள். கீழே உள்ள எண் கூடக் கூடப் பார்வை குறைவு.

மறைக்கும் அட்டையைப் பழைய காலண்டர் அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். பிள்ளையின் உள்ளங்கை அளவுக்கு மேல் இருக்கட்டும். கண் நோய் உள்ள பிள்ளையிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாமல் இருக்க, ஆளுக்கு ஒன்று வெட்டிவிடுவது சிறந்தது. முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

4. இடம்: ஆறு மீட்டர் என்றால் ஆறு மீட்டர்

6 மீட்டர் என்பது 19 அடி 8 அங்குலம். வகுப்பறையின் நீளம் அதற்குப் போதவில்லை என்றால் தாழ்வாரத்துக்குப் போங்கள்; தூரத்தைக் குறைக்காதீர்கள். 6 மீட்டர் அட்டையை 3 மீட்டரில் வைத்துச் சோதித்தால், கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகள் பலர் தேறிவிடுவார்கள். 3 மீட்டருக்கென்றே பாதி அளவில் அச்சான அட்டை இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் மட்டுமே தூரம் குறையலாம்.

காலடி வைத்தோ நைலான் கயிற்றாலோ அளக்காமல், நாடாவால் அளந்து, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். பிள்ளையை நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார வைப்பதே நல்லது. நிற்க வைத்தால் எழுத்து தெரியாத பிள்ளை தன்னை அறியாமலே இரண்டு அடி முன்னால் வந்துவிடும். வேறு வழியின்றி நிற்க வைத்தால் குதிகால் கோட்டில் இருக்க வேண்டும்.

அட்டை பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். சன்னலுக்குப் பக்கத்துச் சுவரிலோ சன்னலுக்கு நேராகவோ மாட்டினால் பின்னிருந்து வரும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். கடற்கரைப் பள்ளிகளின் கிழக்குப் பார்த்த தாழ்வாரங்களில் காலை வெயில் நேராக அடிக்கும். அங்கே மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையில் வெளிச்சம் பளபளக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நீங்களே பிள்ளையின் நாற்காலியில் அதே உயரத்துக்குக் குனிந்து அமர்ந்து பார்ப்பதுதான்.

5. மூன்று பேர் வேண்டும்

ஒருவர் அட்டையருகில் நின்று எழுத்தைச் சுட்ட வேண்டும். ஒருவர் பிள்ளையருகில் நின்று கண் மறைப்பைக் கவனிக்க வேண்டும். ஒருவர் எழுத வேண்டும். இருவரால் முடியும் என்று தோன்றும். ஆனால் அப்போது பிள்ளையருகில் ஆள் இருக்க மாட்டார், அந்த இடத்தில்தான் தவறுகள் நடக்கின்றன.

ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்று கணக்கிட்டு, ஒரு நாளில் எத்தனை வகுப்பு என்று முடிவு செய்யுங்கள். மற்ற பிள்ளைகள் அட்டையைப் பார்க்க முடியாத இடத்தில் வரிசை நிற்கட்டும். வரிசையில் நிற்கும் பிள்ளை காத்திருக்கும் நேரத்தில் அட்டையை மனப்பாடம் செய்துவிடும். நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசைதான் அதற்குக் காரணம், ஏமாற்றும் எண்ணமில்லை.

6. சோதனைக்கு முன்பே வகுப்பாசிரியரின் பட்டியலை வாங்குங்கள்

கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவர், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுபவர், புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைப்பவர், தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பவர், அடிக்கடி தலைவலி சொல்பவர், கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர் ஆகியோரின் பெயர்களை வகுப்பாசிரியர் எழுதித் தர வேண்டும். ஏற்கெனவே கண்ணாடி உள்ளவர்கள், வீட்டில் பெற்றோரோ உடன்பிறந்தோரோ தடித்த கண்ணாடி அணிபவர்கள் ஆகியோரையும் சேர்க்கலாம்.

இந்தப் பட்டியல் முக்கியமானது. ஏனென்றால் தூரத்து அட்டை எல்லாவற்றையும் பிடிக்காது. தூரப்பார்வை உள்ள சிறு பிள்ளை, கண்ணின் தசைகளை வருத்தித் தூரத்து எழுத்தைத் தெளிவாகச் சொல்லிவிடும். படிக்கும்போதுதான் தலைவலியும் சோர்வும் வரும். ஆகவே அட்டையில் தேறியிருந்தாலும், ஆசிரியரின் பட்டியலில் தொடர்ந்து தலைவலி என்று குறிக்கப்பட்ட பிள்ளையை அனுப்பியே ஆக வேண்டும். பட்டியலைச் சோதனைக்குப் பின் கேட்டால், தேறிய பிள்ளையின் அறிகுறிகளை ஆசிரியர் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவார். எனவே முன்பே வாங்குங்கள்.

கண்ணாடி உள்ளவர்கள் அன்று அதைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

7. வகுப்பு முழுவதற்கும் ஐந்து நிமிடப் பயிற்சி

கரும்பலகையில் பெரிய ஈ ஒன்றை வரைந்து, அதன் கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் கையை நீட்டச் சொல்லுங்கள். மேல், கீழ், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நான்கையும் பழக்குங்கள். "இடதா, வலதா?" என்று வாயால் கேட்க வேண்டாம். இடம் வலம் குழம்பும் வயதில் பார்வை நன்றாக இருந்தும் விடை தவறாகும்.

பயிற்சியின்போதே, "தெரியவில்லை என்றால் 'தெரியல டீச்சர்' என்று சொல்லலாம், இது பரீட்சை இல்லை, மார்க் கிடையாது" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பயந்த பிள்ளை கண்ணை இடுக்கிப் பார்த்துச் சொல்லும். இடுக்கும்போது கிட்டப்பார்வை உள்ளவருக்கும் எழுத்து ஓரளவு தெளிந்துவிடுவதால் குறை மறைந்துவிடும்.

8. சோதனை: வரிசை மாறக்கூடாது

எப்போதும் வலக்கண்ணை முதலிலும் இடக்கண்ணை அடுத்தும் சோதியுங்கள். இந்த ஒழுங்கு இருந்தால் எழுதுபவர் கண் மாற்றி எழுதும் பிழை பெருமளவு குறையும். இரண்டு கண்களையும் சேர்த்துப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு கண் மட்டும் மங்கலாக உள்ள பிள்ளைகளுக்குத் தங்கள் குறையே தெரியாது, நல்ல கண் அதை மறைத்துக்கொண்டிருக்கும். கண்ணாடி போட்டுச் சரிசெய்யாமல் விடப்பட்ட அந்தக் கண், மூளை அதைப் பயன்படுத்தாமல் ஒதுக்குவதால் சோம்பல் கண்ணாகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். வயது ஏறஏறக் கடினம். பார்வைச் சோதனையில் நாம் தேடும் பிள்ளைகளில் இந்தப் பிள்ளைதான் மிக எளிதாகத் தவறிப்போகும் பிள்ளை.

அதனால் மறைப்பில் கண்டிப்பாக இருங்கள். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார்கள். கையை அழுத்தி மூடினால், அந்தக் கண் சிறிது நேரத்துக்கு மங்கி, அடுத்து அதைச் சோதிக்கும்போது தவறான விடை வரும். மறைக்கும் அட்டையை மூக்கை ஒட்டி, கண்ணைத் தொடாமல் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அட்டையின் ஓரத்தையும் பிள்ளையின் தலையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தலை திரும்பினாலோ சாய்ந்தாலோ மறைத்த கண் எட்டிப் பார்க்கிறது என்று பொருள்.

கண்ணாடி உள்ள பிள்ளையைக் கண்ணாடியோடு சோதியுங்கள். நமக்குத் தெரிய வேண்டியது, இப்போதுள்ள கண்ணாடி போதுமா என்பதுதான்.

6/9 வரியை அளவாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் மருத்துவக் குழு வேறு வரியைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வரியில் ஐந்து எழுத்துகள் இருந்தால் நான்கு சரியாக இருக்க வேண்டும். 'மூன்று போதும், பாவம் பிள்ளை' என்று தளர்த்தாதீர்கள். நான்கு திசைகளில் ஒன்றை வெறும் ஊகமாகச் சொல்லும் பிள்ளை ஐந்தில் நான்கைச் சரியாகச் சொல்ல 64-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. மூன்று போதும் என்றால் அது ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிவிடும்.

எழுத்தைச் சுட்டுபவர் குச்சியை எழுத்துக்குக் கீழே வைக்க வேண்டும், எழுத்தை மறைக்கக்கூடாது. இன்னொரு தவறு, மற்ற எழுத்துகளைக் கையால் மூடி ஒன்றை மட்டும் காட்டுவது. சோம்பல் கண், தனித்து நிற்கும் எழுத்தைச் சொல்லிவிடும், வரிசையில் நெருங்கி நிற்கும் எழுத்தில்தான் தடுமாறும். உதவி செய்வதாக நினைத்து நாம் மூடும்போது அந்தக் குறை தெரியாமல் போய்விடும்.

இடக்கண்ணுக்கு மாறும்போது அட்டையைத் தலைகீழாகத் திருப்புங்கள். எல்லா ஈயும் எதிர்த்திசைக்கு மாறிவிடுவதால் நினைவிலிருந்து சொல்ல முடியாது. வரியின் தொடக்கத்திலிருந்து வரிசையாகவும் கேளுங்கள், நடுவிலிருந்தும் கேளுங்கள். "சரி", "தப்பு" என்று முகபாவத்தாலும் காட்டிவிடாதீர்கள்; பிள்ளைகள் நம் முகத்தைப் படிப்பதில் வல்லவர்கள்.

9. எழுதும்போது

பெயர், தந்தை அல்லது தாய் பெயர், வகுப்பு, தமிழ்நாட்டுப் பள்ளியானால் எமிஸ் எண் (கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்), பெற்றோரின் இரண்டு கைப்பேசி எண்கள், வலக்கண், இடக்கண், ஆசிரியர் குறித்த அறிகுறி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கட்டும். இரண்டு எண் கேட்பதற்குக் காரணம் உண்டு: பள்ளிப் பதிவேட்டில் உள்ள எண் பலமுறை மாறியிருக்கும்.

விடையை அந்த நொடியிலேயே எழுத வேண்டும். பத்துப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சேர்த்து எழுதினால் வலமும் இடமும் இடம் மாறும். அன்று வராத பிள்ளைகளின் பெயர்களைக் காலியாக விடாமல் 'வரவில்லை' என்றே எழுதுங்கள். காலிக் கட்டம் சில வாரங்களில் 'பார்த்தாயிற்று' என்று வாசிக்கப்பட்டுவிடும்.

முடிவை வகுப்பின் முன் உரக்கப் படிக்காதீர்கள். அன்று மாலையே அந்தப் பிள்ளைக்குச் 'சோடாபுட்டி' என்ற பெயர் வந்துவிடும். பின்னாளில் கண்ணாடி பைக்குள்ளேயே கிடப்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

10. கண்ணை வெளியிலிருந்து பார்ப்பது

அட்டைச் சோதனை முடிந்ததும், டார்ச் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து காட்டி, தொடாமல் பாருங்கள். மாறுகண், ஒரு பக்க இமை தொங்குதல், கருவிழியில் வெண்தழும்பு, சிவப்பு, பீளை, விடாத அரிப்பு ஆகியவை இருந்தால் அட்டையில் தேறியிருந்தாலும் அனுப்ப வேண்டும். வெள்ளை விழியில் நுரை படிந்ததுபோல் திட்டு இருந்தாலோ, அந்தி சாய்ந்ததும் தடுமாறுவதாகப் பிள்ளை சொன்னாலோ வைட்டமின் ஏ குறைபாடு இருக்கலாம். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அது பார்வையைப் பறிக்கக்கூடிய குறை என்பதை மரியாதையோடும் உறுதியோடும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கண்ணின் பாப்பாவில் வெண்மை தெரிந்தாலோ, பார்வை திடீரென்று குறைந்ததாகச் சொன்னாலோ, காயம் பட்டிருந்தாலோ அடுத்த வாரம் வரை காத்திருக்கக்கூடாது. அன்றே பெற்றோரை வரவழைத்து அனுப்புங்கள். வெண்மை கண்புரையாகவும் இருக்கலாம், உயிருக்கே ஆபத்தான கண்புற்றாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்வது மருத்துவரின் வேலை. இந்த ஐயத்தை நாம் பிள்ளையிடமோ பக்கத்து வீட்டாரிடமோ பேசக்கூடாது.

தேறாதவர்களை வேறொரு நாள் காலையில், வேறொருவர் மறுபடி சோதிக்கட்டும். கூச்சம், தூக்கக் கலக்கம், பசி ஆகியவற்றால் தவறிய பிள்ளைகள் இதில் தேறிவிடுவார்கள். தேவையில்லாமல் ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குப் போய் 'ஒன்றுமில்லை' என்று கேட்டுத் திரும்பும் பெற்றோர், அடுத்த ஆண்டு நீங்கள் தரும் பரிந்துரைச் சீட்டை நம்பமாட்டார்கள். ஒரு கண் மட்டும் தேறாத பிள்ளைகளுக்கு இந்த இரண்டாம் சோதனையில் மறைப்பை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

11. பெற்றோரிடம் பேசுவதும் மருத்துவமனைக்கு அனுப்புவதும்

சீட்டை மட்டும் பையில் வைத்து அனுப்பினால் அது பெற்றோர் கைக்குப் போவது அரிது. நேரில் பேசுங்கள். தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் காலையில் கூட்டம் வைத்தால் மீன் விற்கப் போன தாய்மார்கள் வரமுடியாது, மாலையில் வையுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மாலைதான் வசதி. ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு ஆசிரியரும் இரண்டு பெற்றோரும் அழைத்துப் போவதாக எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்றுக்கொண்டால், எல்லோரும் கூலியை இழக்க வேண்டியதில்லை. ஆயினும் சிறு பிள்ளைக்கும் மாறுகண் உள்ள பிள்ளைக்கும் பெற்றோரில் ஒருவர் உடனிருப்பதே நல்லது.

மூன்று ஐயங்கள் எல்லா ஊரிலும் வரும். 'கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும்' என்பார்கள். பிள்ளை வளரும்போது கண்ணும் வளர்வதால் பவர் மாறுகிறது, கண்ணாடி அதற்குக் காரணமில்லை. 'கீரையும் கேரட்டும் கொடுத்தால் சரியாகிவிடாதா' என்பார்கள். அவை நல்ல உணவு, வைட்டமின் ஏ குறைவுக்கு உதவும், ஆனால் கிட்டப்பார்வையை மாற்றாது. 'பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா' என்று தயங்குபவர்களிடம் வாதாட வேண்டாம். அட்டையை எடுத்துப் போய், பிள்ளைக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று அவர்கள் கண்முன் காட்டுங்கள். விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது. வீட்டில் கண்ணில் எதையும் விட வேண்டாம், தாய்ப்பாலானாலும் மூலிகைச் சாறானாலும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனையில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்த பின் பவர் பார்ப்பார்கள். பிள்ளைகளின் கண் தசை ஓயாமல் இயங்குவதால், அதை ஓய வைக்காமல் பார்த்தால் பவர் தவறாகிவிடும். இதனால் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். மருந்தைப் பொறுத்து இது ஒரு நாளிலும் நீங்கலாம், ஒன்றிரண்டு வாரமும் நீடிக்கலாம். இதை முன்பே சொல்லாவிட்டால், 'ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்வை போச்சு' என்ற பேச்சு தெரு முழுக்கப் பரவி, மற்ற பிள்ளைகளின் வருகையும் நின்றுவிடும். வகுப்பாசிரியருக்கும் தெரிவித்து, அந்த நாள்களில் வீட்டுப்பாடத்தைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

தொப்பியோ குடையோ எடுத்துப் போகட்டும். சீட்டின் நகல் ஒன்றைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

12. கண்ணாடி வந்த நாள்

கண்ணாடியின் சட்டத்தை (ஃபிரேம்) பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிடிக்காத நிறத்தில் வந்த கண்ணாடி எவ்வளவு சரியான பவராக இருந்தாலும் முகத்தில் நிற்காது. பிள்ளைகளுக்கு உடையாத பிளாஸ்டிக் லென்ஸ்தான் பாதுகாப்பு.

கண்ணாடிகள் மொத்தமாகப் பள்ளிக்கு வந்தால், பெயரைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் அதே 6 மீட்டர் கோட்டில் உட்கார வைத்து, கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணாகச் சோதியுங்கள். இருவருடைய கண்ணாடி மாறியிருந்தால் இங்கே தெரிந்துவிடும். ஒரு கண் இன்னும் தேறவில்லை என்றால் சோம்பல் கண்ணாக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு மருத்துவர் நல்ல கண்ணை மூடிவைக்கும் சிகிச்சை சொல்லியிருக்கிறாரா என்று சீட்டைப் பாருங்கள். சொல்லியிருந்தால், எத்தனை மணி நேரம் என்பதை வகுப்பாசிரியரும் அறிந்திருக்க வேண்டும்.

முதல் சில நாள்கள் தரை வளைந்தாற்போலவும் படி உயர்ந்தாற்போலவும் தோன்றலாம் என்று சொல்லிவையுங்கள். இரண்டு வாரம் கழித்தும் தலைவலி இருந்தால் திரும்ப அனுப்ப வேண்டும். இரு கைகளாலும் கழற்றுவதையும், லென்ஸ் மேலே இருக்குமாறு வைப்பதையும் செய்து காட்டுங்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒன்று கூடுதலாக: மணல் ஒட்டியிருக்கும்போது சட்டை நுனியால் துடைத்தால் லென்ஸ் கீறிவிடும், முதலில் தண்ணீரில் கழுவிவிட்டுப் பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும்.

கண்ணாடி வரும்வரை முன் வரிசையில் உட்கார வைப்பது தற்காலிக உதவிதான். முன் வரிசைக்கு மாற்றிய பின் எல்லோரும் அந்தப் பிள்ளையை மறந்துவிடுவது, நான் பார்த்த தவறுகளில் மிகவும் வருத்தம் தருவது.

13. சொல்லாமல் போய்ப் பாருங்கள்

ஒரு மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்புக்குப் போய், கண்ணாடி பெற்றவர்களின் பெயருக்கு நேரே ஐந்தில் ஒன்றை எழுதுங்கள்: முகத்தில் இருக்கிறது, பையில் இருக்கிறது, வீட்டில் இருக்கிறது, உடைந்துவிட்டது, தொலைந்துவிட்டது. முன்கூட்டிச் சொன்னால் அன்று எல்லோரும் அணிந்திருப்பார்கள், உண்மை தெரியாது.

பையில் இருந்தால் யாராவது கேலி செய்கிறார்களா, மூக்கில் அழுத்துகிறதா என்று தனியே கேளுங்கள். சட்டத்தைச் சற்று வளைத்துச் சரிசெய்தால் தீரும் சிக்கல்கள் பல. வீட்டில் இருந்தால் தாய் தந்தையோடு பேசுங்கள். உடைந்துவிடும் என்று பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. உடைந்த பிள்ளைகளின் பட்டியலைத் தனியாக எடுத்து, கண்ணாடி வழங்கிய குழுவிடம் உடனே கொடுங்கள்.

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பவர் மீண்டும் பார்க்கப்பட வேண்டும். பகல் வெளிச்சத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது வெளியே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்கும் வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்வதும் இந்தப் பணியின் பகுதிதான்.

ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு முடித்துப் பள்ளி மாறும் பிள்ளைகளின் பதிவு பழைய பள்ளியிலேயே தங்கிவிடும். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில் கண்ணாடிச் சீட்டின் நகலையும் அதோடு இணைத்துக் கொடுக்க அலுவலகத்தில் ஏற்பாடு செய்துவிட்டால், புதிய பள்ளியின் ஆசிரியர் ஜூன் மாதத்திலேயே அந்தப் பிள்ளையின் முகத்தில் கண்ணாடி இருக்கிறதா என்று பார்க்க முடியும்.